ரிசல்ட்டுக்கு முன்னாடி ஷேர் வாங்கலாமா, விக்கலாமா?

கம்பெனிங்க மூணு மாசத்துக்கு ஒருமுறை லாப நஷ்டக் கணக்கு சொல்ற ரிசல்ட் சீசன் வந்தாலே "நாளைக்கு ரிசல்ட், இன்னைக்கு கொஞ்சம் வாங்கிப் போடவா"ன்னு கேக்காத ஆளே கிடையாது. லாபம் ஏறுமா இறங்குமான்னு கண்டுபிடிச்சுட்டா போதும்னு நினைக்கிறாங்க, ஆனா மார்க்கெட் ஏற்கனவே எவ்வளவு எதிர்பார்த்து வெலையில ஏத்தி வச்சிருக்குன்றதுதான் முக்கியம். 2024 ஜனவரி 16 எச்டிஎஃப்சி பேங்க் ரிசல்ட் வந்துச்சு, லாபம் முந்தின வருஷத்தவிட 33% மேல கூட, அதுல எச்டிஎஃப்சி லிமிடெட்ட பேங்கோட இணைச்ச மெர்ஜர் கணக்கும் சேர்ந்திருந்துச்சு, ஆனா டெபாசிட் வளர்ச்சியும் மார்ஜினும் (பேங்க் வாங்குற வட்டிக்கும் குடுக்குற வட்டிக்கும் உள்ள வித்தியாசம்) எதிர்பார்த்த அளவு இல்லன்னு மார்க்கெட் மறுநாளே ஷேர 8% மேல இறக்கிடுச்சு.

முதல்ல தேதி. ஷேர் சந்தைகளான என்எஸ்இ, பிஎஸ்இ சைட்லயே ரிசல்ட்டுக்கான போர்டு மீட்டிங் தேதி போட்டுடுவாங்க. குவாட்டர் (மூணு மாசம்) முடிஞ்சு 45 நாளுக்குள்ள ரிசல்ட் வந்தாகணும், மார்ச் குவாட்டருக்கு மட்டும் 60 நாள்.

அடுத்து, என்னென்ன ஏற்கனவே தெரிஞ்சு போச்சுன்னு பாருங்க. ஆட்டோ கம்பெனிங்க மாசாமாசம் விற்பனை நம்பர் சொல்லிடுறாங்க, நிறைய பேங்க் குவாட்டர் முடிஞ்ச சில நாள்லயே லோன், டெபாசிட் நம்பர் குடுத்துடுறாங்க. அதனால அந்த நம்பர் நல்லா இருக்குன்னு ரிசல்ட்டுக்கு முந்தின நாள் வாங்குறதுல அர்த்தமே இல்ல, அது வெலைக்குள்ள போய் நாளாச்சு. ரிசல்ட்டுக்கு முன்னாடி ஒரு மாசத்துல ஷேர் நல்லா ஏறியிருந்தா இன்னும் உஷாரா இருங்க, சுமாரான நல்ல ரிசல்ட் வந்தாலே வந்த லாபம் போதும்னு விக்கிற ப்ராஃபிட் புக்கிங் வந்துடும்.

ஆப்ஷன் இருக்குற ஷேர்னா இன்னொண்ணு பாக்கலாம். ஆப்ஷன்னா முன்கூட்டியே பேசின வெலையில (ஸ்ட்ரைக்), பேசின நாள்ல (எக்ஸ்பைரி) ஷேர வாங்குற உரிமை (கால்) இல்லன்னா விக்கிற உரிமை (புட்), அதுக்குக் குடுக்குற காசுதான் பிரீமியம். ஷேர் 1000 ரூபா, 1000 ஸ்ட்ரைக் கால் 30, புட் 30ன்னு வச்சுக்கோங்க, ரெண்டும் சேத்து 60, அதாவது எக்ஸ்பைரிக்குள்ள மேலயோ கீழயோ சுமார் 6% நகரும்னு மார்க்கெட் கணக்கு போடுது. எக்ஸ்பைரிக்கு நாள் நிறைய இருந்தா இது கொஞ்சம் பெருசா காட்டும். ஆனா இத பாத்துட்டு ஆப்ஷன் வாங்கிடாதீங்க, ரிசல்ட் வந்த உடனே பிரீமியம் உருகிடும், சரியான பக்கம் பந்தயம் கட்டியும் நஷ்டம் வரும்.

இப்ப முக்கியமான விஷயம், எவ்வளவு பணம். ஸ்டாப் லாஸ் (இந்த வெலைக்கு இறங்குனா வித்துடுன்னு போடுற ஆர்டர்) போட்டிருக்கேன்னு தைரியமா இருக்காதீங்க, மோசமான ரிசல்ட் மார்க்கெட் மூடுன அப்புறம் வந்தா மறுநாள் கேப் டவுன்ல, அதாவது முந்தின நாள் வெலையிலேர்ந்து ஒரேடியா கீழ குதிச்சுதான் ஓப்பன் ஆகும், உங்க ஸ்டாப் லாஸ் வெலையில ட்ரேடே நடந்திருக்காது. 2013 ஏப்ரல் 12 இன்ஃபோசிஸ் அந்த வருஷத்துக்கு 6 முதல் 10% வளர்ச்சின்னு கைடன்ஸ் (கம்பெனியே சொல்ற முன்கணிப்பு) குடுத்துச்சு, மார்க்கெட் எதிர்பார்த்தது அதுக்கு மேல, ஷேர் ஒரே நாள்ல 21% இறங்கிப் போச்சு. அவ்வளவு பெரிய, நல்ல கம்பெனிக்கே! அதனால பின்னாடியிருந்து கணக்கு போடுங்க: மொத்தம் 5 லட்சம் வச்சிருக்கீங்க, ஒரு ரிசல்ட்ல 5000க்கு மேல போகக் கூடாதுன்னா, 10% கேப் வரும்னு வச்சா அந்த ஷேர்ல 50,000தான் இருக்கலாம். அதுக்கு மேல இருக்கறத ரிசல்ட்டுக்கு முன்னாடியே வித்துடுங்க, கம்பெனி எவ்வளவு பிடிச்சாலும் சரி. விக்கும்போது டாக்ஸையும் பாருங்க, ஒரு வருஷத்துக்குள்ள வித்தா லாபத்துல 20%, ஒரு வருஷம் தாண்டிட்டா 1.25 லட்சத்துக்கு மேல உள்ள லாபத்துக்கு 12.5%தான், 11 மாசம் ஆகியிருந்தா ஒரு ரிசல்ட்டுக்காக அவசரப்படணுமான்னு யோசிங்க.

பல வருஷம் வச்சிருக்கப் போறவங்க, அளவும் சரியா இருந்துச்சுன்னா ஒண்ணும் பண்ண வேணாம். புதுசா வாங்கணும்னு நினைக்கிறவங்களுக்கு நான் சொல்றது ரிசல்ட் வரட்டும், கான்கால்ல (ரிசல்ட்டுக்கு அப்புறம் கேள்விகளுக்குப் பதில் சொல்ற போன் மீட்டிங்) மேனேஜ்மென்ட் அடுத்த குவாட்டர் பத்தி என்ன சொல்றாங்கன்னு கேளுங்க, லாபத்துல ஏதாவது சொத்து வித்த காசு மாதிரி ஒருமுறை வருமானம் கலந்திருக்கான்னு பாருங்க, அப்புறம் வாங்குங்க. 3% கூட குடுத்து வாங்க வேண்டியிருந்தாலும் பரவாயில்ல. வெயிட் பண்ண மனசே வரலன்னா நினைச்ச பணத்துல மூணுல ஒரு பங்குக்கு மட்டும் முன்னாடி வாங்கிட்டு மீதிய கையில வைங்க.