கலப்பினக் கற்றாழையில் தண்டழுகல்: பினாங்கில் நான் சரிசெய்த விதம்

ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி பால்கனியில் கலப்பினக் கற்றாழைகள் வளர்க்கிறேன். ஓரமெல்லாம் சிவப்புப் பற்களும் சொரசொரப்புமாக இருக்கும் சின்ன வகை. இவற்றில் பலவற்றுக்கு மடகாஸ்கரின் குட்டிக் கற்றாழைகள்தான் மூதாதை. அக்டோபர் மழையில் ஒன்றின் அடி இலைகள் நீர் கோத்து, தொட்டாலே கழன்றன.

பிடுங்கிப் பார்த்தேன். நர்சரியிலிருந்து வந்த தென்னை நார்த்தூள் வேரைச் சுற்றி ஈரத்தோடு இறுகிக் கிடந்தது. நம் ஊர்க் காற்றில் அது லேசில் காயாது. வேரெல்லாம் கறுப்பு. ஸ்பிரிட்டால் துடைத்த கத்தியால் தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினேன். வெட்டிய இடத்தில் பழுப்புப் புள்ளி ஒன்றுகூட இருக்கக் கூடாது. இங்கே இரக்கம் பார்த்தால் அழுகல் மேலே ஏறிவிடும். அப்புறம் நிழலில், மின்விசிறிக் காற்றில், வெட்டுவாய் வறண்டு தோல் கட்டும்வரை விட்டுவைத்தேன். இதற்குப் பொறுமை வேண்டும்.

மூன்று பங்கு பியூமிஸ் (துளைகள் நிறைந்த எரிமலை நுரைக்கல்), ஒரு பங்கு மண் கலந்து மண்சட்டியில் நட்டேன். மெல்ல இழுத்தாலும் அசையாமல் நின்ற பிறகுதான் தண்ணீர். இப்போது மழைச்சாரல் படாத, காலை வெயில் விழும் மூலையில் இருக்கிறது. வெயில் குறைந்தால் சிவப்பு மங்கும். திடீரென்று உச்சி வெயிலில் வைத்தால் இலை கருகும். குருத்து நன்றாக வருகிறது. மற்றச் சட்டிகளையும் இதே கலவைக்கு மாற்றிவிட்டேன்.