டிரிக் பிளே சொதப்பியதும் பயிற்சியாளரைத் திட்டுகிறோம்: ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2015 அக்டோபர் 18, இண்டியானாபொலிஸ். அமெரிக்கக் கால்பந்தில் கோல்ட்ஸும் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸும் மோதிய இரவு ஆட்டம். நமக்கு அது திங்கட்கிழமை காலை. மூன்றாவது கால்பகுதி முடியப் போகிறது. பேட்ரியாட்ஸ் 27, கோல்ட்ஸ் 21. கோல்ட்ஸுக்கு நான்காவது டவுன், அதாவது பந்தைத் தக்கவைக்கத் தேவையான 10 யார்டைக் கடக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசி. இன்னும் 3 யார்டு போக வேண்டும். பந்து அவர்களுடைய சொந்தப் பாதியில், 37 யார்டு கோட்டில். பண்ட் அடித்து, அதாவது பந்தை உதைத்து, எதிரணியின் பக்கம் தூரமாகத் தள்ளிவிட வேண்டிய இடம் அது.

பண்ட் அடிக்க வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் திடீரென்று மைதானத்தின் வலது ஓரத்துக்கு நகர்ந்தார்கள். எதிரணியை ஏமாற்றும் இந்த மாதிரி உத்திக்குத்தான் டிரிக் பிளே என்று பெயர். பந்தோடு நடுவில் நின்றது இரண்டே பேர். பந்தைப் பிடித்தபடி குனிந்திருந்தவர் கிரிஃப் வேலன், அவருக்குப் பின்னால் கோல்ட் ஆண்டர்சன். எதிரே பேட்ரியாட்ஸ் வீரர்கள் கூட்டமாக நிற்கிறார்கள். வேலன் பந்தை ஸ்னாப் செய்தார், அதாவது பின்னால் கொடுத்து அந்த முயற்சியைத் தொடங்கினார். ஆண்டர்சன் ஓரடிகூட முன்னேறவில்லை, அதே இடத்தில் அமுக்கிவிட்டார்கள். பந்து கைமாறியது, பேட்ரியாட்ஸ் டச் டவுன் (பந்தை எதிரணியின் கோல் பகுதிக்குள் கொண்டுபோய் 6 புள்ளி எடுப்பது) போட்டது, ஆட்டம் 34-27 என்று முடிந்தது.

கோல்ட்ஸ் பயிற்சியாளர் சக் பகானோமீது ரசிகர்களுக்கு வந்த கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் கோபத்தைப் பேசிய விதத்தில் நிறைய பிழை இருந்தது. அதே பிழைகளை ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் பார்க்கிறேன். ஆட்டம் முடிந்த மறுநாள் எல்லாம் தெரிந்தவர்போலப் பேசுகிறவரை அமெரிக்காவில் ‘திங்கட்கிழமை காலை குவார்ட்டர்பேக்’ என்பார்கள். குவார்ட்டர்பேக் என்பவர் அணியின் தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர். மறுநாள் பேசுவதில் தப்பில்லை. முடிவை மட்டும் பார்த்துவிட்டுப் பேசினால்தான் சிக்கல்.

முடிவை வைத்து யோசனைக்கு மார்க் போடுவது

எல்லாத் தவறுக்கும் வேர் இதுதான். 2018 பிப்ரவரி 4 அன்று மினியாபொலிஸில் நடந்த சூப்பர் பவுலை, அதாவது அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியை, எடுத்துக்கொள்ளுங்கள். பேட்ரியாட்ஸ் ஒரு டிரிக் பிளே போட்டது: வழக்கமாகப் பந்தை எறியும் டாம் பிராடி பந்தைப் பிடிக்க ஓட, வழக்கமாகப் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் டேனி அமெண்டோலா எறிந்தார். எறிந்தது நன்றாகத்தான் வந்தது, பிராடியின் விரலில் பட்டு நழுவியது. அதே பாதியில் எதிரணியான பிலடெல்பியா ஈகிள்ஸும் ஏறக்குறைய அதையே செய்தது. கோரி கிளெமென்ட் வாங்கிய பந்து டிரே பர்ட்டன் கைக்குப் போனது, அவர் குவார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸுக்கு எறிந்தார். டச் டவுன். ஈகிள்ஸ் 41-33 என்று வென்றது. ஃபோல்ஸும் பயிற்சியாளர் டக் பீடர்சனும் அந்த டிரிக் பிளேயைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் காட்சி இன்று பிலடெல்பியா மைதானத்துக்கு வெளியே சிலையாக நிற்கிறது.

இரண்டும் ஒரே வகை யோசனை. ஒருவர் கையில் பந்து நின்றது, இன்னொருவர் கையில் நிற்கவில்லை. ஃபோல்ஸ் நழுவவிட்டிருந்தால், சூப்பர் பவுலில் ஃபீல்ட் கோல் (பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) அடித்து எளிதாகக் கிடைக்க வேண்டிய 3 புள்ளியை வீணடித்தவர் என்று பீடர்சனை ரசிகர்கள் கிழித்திருப்பார்கள்.

அப்படியானால் எதை வைத்து எடைபோடுவது? பந்து நகர்வதற்கு முன்னால் பயிற்சியாளருக்கு என்னென்ன தெரிந்திருந்தது என்பதை வைத்துத்தான்.

மைதானத்தில் பந்து எங்கே இருந்தது என்று பார்க்காமல் பேசுவது

‘நான்காவது டவுனில் விளையாட்டுக் காட்டுவதா?’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்கிறார்கள். இடம் முக்கியம். ஈகிள்ஸ் அந்த டிரிக் பிளேயைப் போட்டது நான்காவது டவுனில், எதிரணியின் 1 யார்டு கோட்டில், முதல் பாதி முடிய 38 விநாடி இருக்கும்போது. அது பலிக்காமல் போயிருந்தாலும் பேட்ரியாட்ஸுக்குப் பந்து கிடைத்திருப்பது தன் வாசற்படியிலேயே. மைதானம் முழுக்க ஏற வேண்டும், நேரமும் இல்லை. போனால் 3 புள்ளி, வந்தால் டச் டவுன்.

கோல்ட்ஸ் நின்றது சொந்த 37 யார்டில். அங்கே முயற்சி பலிக்காவிட்டால் எதிரணி கொஞ்ச தூரம் நகர்ந்தாலே ஃபீல்ட் கோல் அடிக்கலாம், அதுவும் டாம் பிராடியின் கையில் பந்து. ஆறு புள்ளி பின்தங்கிய அணி, இன்னும் ஒரு கால்பகுதிக்கு மேல் மீதம் இருக்கும்போது, இவ்வளவு பெரிய விலையை ஏன் பணயம் வைக்க வேண்டும்? விமர்சனம் இந்தக் கேள்வியில் தொடங்கியிருந்தால் அதற்குப் பலம் இருந்திருக்கும்.

யோசனை, தயாரிப்பு, களத்தில் செய்தது என்ற மூன்றையும் ஒன்றாகக் குழப்புவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கோல்ட்ஸ் விஷயத்தில் உண்மையான பாடம் இங்கேதான் இருக்கிறது. பலர் நினைப்பதுபோல, இரண்டு பேர் சேர்ந்து பதினோரு பேரை இடித்துத் தள்ளி 3 யார்டு எடுப்பது அந்தத் திட்டமே அல்ல. பண்ட் அணி திடீரென்று வேறு வடிவத்துக்கு மாறினால் எதிரணி பதறும். அவசரமாக ஆட்களை மாற்றப் போய் 12 பேராக மைதானத்தில் மாட்டிக்கொள்ளலாம். பந்து நகரும் முன்பே யாராவது கோட்டைத் தாண்டலாம். எதுவாக இருந்தாலும் தண்டனையாக 5 யார்டு, கோல்ட்ஸுக்குத் தேவையோ 3. எதிரணி பதறவில்லை என்றால் பந்தைத் தொடாமல் இருக்க வேண்டும். டைம் அவுட் கேட்கலாம், இல்லையென்றால் தாமதத்துக்கான 5 யார்டு தண்டனையை ஏற்றுக்கொண்டு பண்ட் அடிக்கலாம்.

தாளில் பார்த்தால் இது அவ்வளவு மோசமான யோசனை இல்லை. அது உடைந்தது தயாரிப்பில். பயிற்சியில் ஸ்னாப் செய்யும் இடத்தில் நின்று பழகியவர் காயத்தால் வெளியே இருந்தார். அவர் இடத்துக்கு வந்தவர்தான் வேலன். எப்போது ஸ்னாப் செய்யக் கூடாது என்பது இருவருக்கும் ஒரே மாதிரி போய்ச் சேரவில்லை. ஆட்டத்துக்குப் பிறகு பகானோவும் தகவல் சரியாகப் போய்ச் சேராததைச் சொல்லி, பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டார்.

இன்னொன்றும் உண்டு. ஸ்னாப் நடக்கும்போது குறைந்தது ஏழு பேர் பந்து இருக்கும் கோட்டில் நிற்க வேண்டும் என்பது விதி. வலது ஓரத்துக்குப் போனவர்கள் கோட்டில் சரியாக நிற்கவில்லை, விதிமீறலைக் காட்டும் நடுவர் கொடியும் விழுந்தது. அதாவது ஆண்டர்சன் எப்படியோ புகுந்து 3 யார்டு எடுத்திருந்தாலும் அது செல்லாது.

இதையெல்லாம் பார்த்த பிறகு பயிற்சியாளர்மீது வைக்க வேண்டிய குற்றச்சாட்டு ‘பைத்தியக்காரத்தனமான யோசனை’ என்பதல்ல. முழுதாகப் பழகாத ஆளை வைத்து, பின்வாங்கும் வழியை எல்லோர் மனதிலும் பதிய வைக்காமல் அதைக் களத்தில் இறக்கினார் என்பதுதான். என்னைக் கேட்டால் இது இன்னும் கடுமையான குற்றச்சாட்டு. யோசனை என்பது ரசனை சார்ந்தது என்று வாதாடலாம், தயாரிக்காமல் வந்ததற்கு அப்படி எந்தச் சாக்கும் கிடையாது.

ஒரே ஒரு முயற்சியின் தலையில் மொத்தத் தோல்வியையும் கட்டுவது

2024 ஜனவரி 21, பஃபலோ பில்ஸும் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸும் மோதிய பிளே ஆஃப். நான்காவது கால்பகுதியில் பில்ஸ் 24-27 என்று பின்தங்கியிருந்தபோது, சொந்தப் பாதிக்குள்ளேயே ஃபேக் பண்ட் போட்டார்கள், அதாவது பண்ட் அடிப்பதுபோல நின்று, அடிக்காமல் பந்தோடு ஓடப் பார்த்தார்கள். நேரடியாகப் பந்தை வாங்கி ஓடிய டாமர் ஹாம்லினைத் தேவையான தூரத்துக்கு முன்பே மடக்கிவிட்டார்கள். பில்ஸ் தோற்றதும் பயிற்சியாளர் ஷான் மெக்டெர்மாட்மீது பாய்ந்தார்கள்.

இடத்தைப் பார்த்தால் அதுவும் தவறான முடிவுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அடுத்து நடந்ததையும் பாருங்கள். பந்தை வாங்கிய சீஃப்ஸ் கோல் எல்லை வரை போனது. அங்கே மெக்கோல் ஹார்ட்மன் கையிலிருந்து பந்து நழுவி எண்ட் ஸோன் (கோல் பகுதி) வழியாக வெளியே போக, விதிப்படி பந்து பில்ஸுக்கே திரும்பி வந்தது. அந்த ஃபேக் பண்டால் சீஃப்ஸுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. கடைசி இரண்டு நிமிடத்துக்குள் டைலர் பாஸ் அடித்த 44 யார்டு ஃபீல்ட் கோல் வலப்பக்கம் விலகிப்போனது, ஸ்கோர் 27-24 என்றே நின்றது. தவறான முடிவு ஒன்று, தோல்விக்குக் காரணம் வேறொன்று. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லலாம்.

‘இனிமேல் டிரிக் பிளேயே வேண்டாம்’ என்பது

2010 பிப்ரவரி 7 சூப்பர் பவுலில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் இடைவேளையில் 6-10 என்று பின்தங்கியிருந்தது. இரண்டாம் பாதியை ஆன்சைட் கிக்கோடு, அதாவது பந்தைக் குறைந்த தூரமே உதைத்துத் தாங்களே கைப்பற்றப் பார்க்கும் உத்தியோடு, தொடங்கச் சொன்னார் பயிற்சியாளர் ஷான் பேட்டன். யாரும் எதிர்பார்க்கவில்லை, பந்து செயின்ட்ஸிடமே வந்தது, அதிலிருந்து டச் டவுனும் வந்தது, கடைசியில் 31-17 வெற்றி. எதிரில் நின்றது இதே கோல்ட்ஸ்தான். எப்போதும் பத்திரமாகவே ஆடும் பயிற்சியாளரை எதிரணி எளிதாகப் படித்துவிடும். டிரிக் பிளே வரலாம் என்ற பயம்கூட எதிரணியின் பண்ட் தடுப்பாளர்களை ஒரு விநாடி தயங்க வைக்கும், அதற்கே மதிப்பு உண்டு.

கருவியாக இருந்த வீரனைக் குறிவைப்பது

இதுதான் என்னை மிகவும் வருத்துவது. அந்த ஸ்னாப் படம் வேலனின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ரிசீவராக விளையாடும் ஒருவரை, அவர் பழகாத இடத்தில், அரைகுறைத் தகவலோடு நிறுத்தியது மேலே இருந்தவர்கள். கேலி மட்டும் வருடக்கணக்கில் இவரைத் துரத்துகிறது. பயிற்சியாளரைக் கேள்வி கேளுங்கள். முடிவெடுப்பது அவர் வேலை, பதில் சொல்வதும் அவர் கடமை. சொன்னதைச் செய்யப் போய் மாட்டிக்கொண்ட வீரனுக்கு அந்தக் கேள்வியில் பங்கில்லை.

அன்றிரவு ஆட்டம் முடியும் தறுவாயில் கோல்ட்ஸ் இன்னொரு டச் டவுன் போட்டு வித்தியாசத்தை ஏழாகக் குறைத்தது. ஆண்ட்ரூ லக் எறிந்த அந்தப் பந்தைப் பிடித்தவர் கிரிஃப் வேலன்.