வானத்தில் பட்டை பட்டையாக: கோளாறு படத்திலா, திரையிலா?

புகைப்படத்தில் இழைந்து வெளுக்க வேண்டிய நீல வானம் படிக்கட்டு மாதிரி தெரிந்தால் உடனே திருத்தக் கிளம்ப வேண்டாம். பட்டை கோப்பில் இருக்கிறதா, திரையில் மட்டும் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். திரையின் குறையைப் படத்தின் குறையாக நினைத்து நல்ல படத்தைக் கெடுப்பவர்கள் நிறையப் பேர்.

படத்தை 100% அளவில் திறந்துகொள்ளுங்கள்; சுருக்கிக் காட்டும் முன்னோட்டத்தை நம்ப முடியாது. ஐட்ராப்பரை (தொட்ட இடத்தின் நிற எண்ணைக் காட்டும் கருவி) ஒற்றைப் பிக்சலுக்கு அமைத்து, பட்டைக்குக் குறுக்கே மெதுவாக நகர்த்தி எண்களைக் கவனியுங்கள். 180, 181, 180, 182, 181 என்று தத்தளித்தபடி ஏறினால் கோப்பில் குறையில்லை. 180-லேயே நெடுந்தூரம் நின்று சட்டென 183-க்குத் தாவினால் பட்டை கோப்பிலேயே இருக்கிறது.

கோப்பு சரியென்றால் திரையைச் சோதியுங்கள். மலிவான திரைகள் பலவும் 6 பிட்தான்: சேனலுக்கு (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும்) 64 படிகள், மீதியை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டிச் சமாளிக்கும். திரையை அளவுதிருத்தும் புரொஃபைலும் சில படிகளை விழுங்கும். அதைத் தற்காலிகமாக நீக்கிப் பாருங்கள். அசல் கோப்பை வேறொரு திரையிலும் திறந்து பாருங்கள். செய்திச் செயலி வழியாக அனுப்பிப் பார்த்தால் சோதனை வீண், அது படத்தை மறுபடி அமுக்கிவிடும்.

இனி கோப்புக்குள் பட்டை எப்படி வருகிறது என்று பார்ப்போம். 8 பிட் ஜேபெக்கில் சேனலுக்கு 256 படிகள். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384. வானம் 3000 பிக்சல் உயரம், நீலச் சேனல் அதில் 180 முதல் 210 வரை ஏறுகிறது என்று வையுங்கள். இருப்பது 30 படிதான், ஒவ்வொன்றும் 100 பிக்சல் அகலம். கர்வ்ஸ், டீஹேஸ் போன்ற கான்ட்ராஸ்ட் கூட்டும் கருவி போட்டு அதை 150 முதல் 240 வரை இழுத்தாலும் படிகள் கூடாது, ஒவ்வொன்றும் 3 எண் உயரமாகும். ஹிஸ்டோகிராம் (எந்த ஒளி அளவில் எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடம்) பல் போன சீப்பு மாதிரி இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. மூன்று சேனல்களும் ஒரே இடத்தில் படியேறாததால் பட்டைகளில் இளஞ்சிவப்பும் பச்சையும் மாறி மாறித் தட்டும். போதாக்குறைக்கு, விளிம்புகளை மிகைப்படுத்திப் பார்ப்பது கண்ணின் இயல்பு. இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1865-லேயே எழுதிவைத்த விஷயம் இது.

இன்னொரு குற்றவாளி, பலரும் சந்தேகிக்காதது: நாய்ஸ் ரிடக்ஷன், அதாவது படத்தின் பொடிப் புள்ளிகளை (நாய்ஸ்) துடைக்கும் திருத்தம். மெல்லிய நாய்ஸ் படிகளின் விளிம்பைக் கலைத்து மறைக்கிறது. அதைத் துடைத்தெடுத்தால் படிகள் அம்மணமாக நிற்கும்.

எல்லாக் கோடும் இந்த வகை அல்ல. ஒளியின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றாமல், படத்தின் விளிம்புக்கு இணையாக நேர்க்கோடாக ஓடினால், அதுவும் இருண்ட வானத்தை வெளிச்சப்படுத்திய பிறகு தெரிந்தால், அது சென்சாரின் கோடு. அகலக்கோண லென்ஸில் போலரைசர் (வானத்தை இருளச் செய்யும் வடிகட்டி) போட்டு எடுத்த படத்தில் ஒரே ஒரு அகன்ற கருநீலப் பட்டை என்றால் அது கோளாறே இல்லை. சூரியனிலிருந்து 90 பாகையில் வானம் அப்படித்தான் இருளும்.

ரா கோப்பு கையில் இருந்தால் வேலை சுலபம். வானத்துக்கு நாய்ஸ் ரிடக்ஷனைக் குறைத்து, 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாக எடுத்து, திருத்தமெல்லாம் அதிலேயே முடியுங்கள். பிறகு அளவைச் சுருக்குங்கள், அதன் பிறகே 1% காசியன் நாய்ஸ் சேருங்கள். வரிசை மாறினால் சுருக்கும்போது நாய்ஸ் கரைந்துவிடும். கடைசியாக 8 பிட்டுக்கு மாற்றி, ஜேபெக் தரம் 90-க்குக் குறையாமல் சேமியுங்கள். தரம் குறைந்தால் அமுக்கம் நாய்ஸைத் தின்று பட்டையைத் திரும்பக் கொண்டுவரும்.

ஜேபெக் மட்டும்தான் என்றால் முதலில் 16 பிட்டுக்கு மாற்றுங்கள். போன படிகள் திரும்பாது. ஆனால் அடுத்து செய்யும் மங்கலுக்கு இடைப்பட்ட எண்கள் வேண்டும், 8 பிட்டில் அவற்றுக்கு இடமில்லை. நகல் லேயரில், மரக்கிளை, கட்டட உச்சிகளின் மேல் பக்கத்து வானத்தை குளோன் செய்து பரப்புங்கள். இல்லாவிட்டால் அவற்றின் கருமை வானத்துக்குள் கசிந்து திட்டாகும். பிறகு பட்டை அகலத்தில் பாதி ஆரத்துக்குக் காசியன் மங்கல்: 100 பிக்சல் பட்டைக்கு 50. மேகம் இருந்தால் அதை விட்டுவிட்டு மங்கல் வெறும் வானத்தில் மட்டும் படும்படி மாஸ்க் போடுங்கள். மங்கலான பகுதி மெழுகு பூசியது போல இருக்கும். படத்தின் மற்ற இடங்களிலுள்ள நாய்ஸுக்கு ஈடாகும் வரை அங்கே நாய்ஸ் சேருங்கள்.