சத்தமில்லாத வீட்டு சர்வர்: படத்துக்கும் பேக்கப்புக்கும் 12 வாட் போதும்

வீட்டு சர்வர், அதாவது படங்களையும் பேக்கப்பையும் வைத்துக்கொண்டு இரவு பகலாக ஓடும் கணினி, என்றதும் முதலில் வரும் கேள்வி, எத்தனை டிஸ்க் போடலாம் என்பது. எத்தனை டிஸ்க் இல்லாமல் சமாளிக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள், பாதி திட்டம் அதிலேயே முடிந்துவிடும். சத்தம், சூடு, கரண்ட் பில் மூன்றுக்கும் ஒரு பெரிய காரணம் சுழலும் டிஸ்க்.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் வீட்டிலுள்ள ஃபைல்களை இரண்டாகப் பிரியுங்கள். போனால் திரும்பக் கிடைக்காதவை ஒரு பக்கம்: போட்டோக்கள், கல்யாண வீடியோ, பத்திரங்களின் ஸ்கேன். போனாலும் மறுபடி சேர்த்துக்கொள்ளக் கூடியவை இன்னொரு பக்கம்: சொந்தமாக வைத்திருக்கும் டிவிடி, புளூரே தட்டுகளிலிருந்து கணினிக்கு நகலெடுத்த படங்கள், பாட்டுகள். போனில் எடுக்கும் 4கே வீடியோ ஹெச்இவிசி என்ற சுருக்கப்பட்ட வீடியோ வடிவில், நொடிக்கு 30 ஃபிரேமில், நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 10 ஜிபி. இந்தக் கணக்கில் முதல் வகை 1 டிபிக்குள் அடங்கினால் வேலை எளிது.

அப்படி அடங்கினால் அமைப்பு இதுதான். 1 டிபி எஸ்எஸ்டியில் (சுழலும் பாகமே இல்லாத டிஸ்க்) இயங்குதளமும் திரும்பக் கிடைக்காதவையும். 8 டிபி 3.5 இஞ்ச் டிஸ்க் ஒன்றில் படங்களும், எஸ்எஸ்டியின் தினசரி நகலும். தனியாக 2 டிபி போர்ட்டபிள் டிஸ்க் இரண்டு: ஒன்று வீட்டில், மற்றது உறவினர் வீட்டில், மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்ள. ரெய்டு (டிஸ்க்குகளை இணைத்து ஒரே தகவலை ஒன்றுக்கு மேற்பட்டதில் வைக்கும் முறை) கிடையாது. டிஸ்க் செத்தாலும் சர்வர் நிற்காமல் ஓடத்தான் ரெய்டு. தவறுதலாக அழித்த ஃபோல்டரை அது அந்த நொடியே இரண்டு டிஸ்க்கிலும் அழித்துவிடும். இரண்டு நாள் படம் ஓடாவிட்டால் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

மின்சாரக் கணக்கு

1 வாட் இழுக்கும் பொருள் இரவு பகலாக ஓடினால் 60 நாளில் 1.44 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில் வருவதால் இந்த ஓர் எண்ணை வைத்தே எல்லாவற்றையும் கணக்குப் போடலாம். சும்மா நிற்கும்போதே 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் பில்லில் 86 யூனிட் சேர்க்கும். 12 வாட் பெட்டி 17 யூனிட். ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி ஓடும் வீட்டில் இந்த வித்தியாசம் பெரிது, ஏனென்றால் அந்த எல்லையைத் தாண்டினால் கீழ் ஸ்லாபுகளின் கட்டணமும் ஏறிவிடும். பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். பிராசஸர் விவரத்தில் போட்டிருக்கும் டிடிபி எண், அது தொடர்ந்து வேலை செய்யும்போது வரும் சூட்டைக் கணக்கிட்டது. சர்வர் 23 மணி நேரம் சும்மா இருக்கும்போது என்ன இழுக்கிறது என்பதை அது சொல்லாது.

எந்தப் பெட்டி

இன்டெல் என்100 போட்ட மினி பிசி, 16 ஜிபி ரேம். நான்கு கோர், 6 வாட் டிடிபி. ஹெச்இவிசி 10 பிட், ஏவி1 ஆகிய இரண்டு வீடியோ வடிவங்களையும் ஹார்டுவேரிலேயே டிகோட் செய்யும், அதாவது பிரித்துப் படிக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் கிடைக்கும் பழைய அலுவலக மினி பிசிகளும் நல்லவைதான். இன்டெல் ஐ5-8500டி பிராசஸர் போட்டது கிடைத்தால் எடுக்கலாம். இன்டெல் 7ஆம் தலைமுறைக்கு முந்தையதை மட்டும் தொடாதீர்கள், 10 பிட் ஹெச்இவிசிக்கு அவற்றில் முழு ஹார்டுவேர் வசதி இல்லை. ராஸ்பெர்ரி பை 5 என்ற சின்ன ஒற்றைப் பலகைக் கணினி பேக்கப்புக்கு மட்டும் என்றால் சரி. அதில் வீடியோவை வேறு வடிவுக்கு மாற்றும் ஹார்டுவேர் என்கோடர் கிடையாது, ஆகவே டிவிக்குப் புரியாத ஃபைலை மாற்றிக் கொடுக்க வேண்டிய நேரத்தில் திணறும்.

சிறிய மினி பிசிகளின் குறை, கீச்சென்று கத்தும் சின்ன விசிறி. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) நீண்டநேர பவர் வரம்பை 10 வாட் அளவுக்கு இறக்கி, விசிறி வேகத்தையும் குறைத்தால் அடங்கும்.

டிஸ்க் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம்

நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் 90 ஹெர்ட்ஸ் முனகல், 7200 என்றால் 120 ஹெர்ட்ஸ். பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே நம்ப முடியாது. வெஸ்டர்ன் டிஜிட்டல் (டபிள்யூடி) நிறுவனத்தின் ‘5400 ஆர்பிஎம் கிளாஸ்’ டிஸ்க்குகளில் சில உண்மையில் 7200இல் சுற்றுவதை 2020இல் பயனர்கள் சத்தத்தின் அதிர்வெண்ணை அளந்துதான் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டில்தான் டபிள்யூடி ரெட் வரிசையின் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் வகை என்பதும் வெளியே வந்தது. எஸ்எம்ஆரில் தடங்கள் ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஓரிடத்தில் திருத்த வேண்டுமானால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். ரெய்டுக்கு அது ஆகவே ஆகாது. ஒருமுறை எழுதிப் பலமுறை பார்க்கும் படங்களுக்குப் பரவாயில்லை, ஆனால் முதல் நாள் 4 டிபியை மொத்தமாக ஏற்றும்போது வேகம் படுத்துவிடும். விலை வித்தியாசம் சிறிதென்றால் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத சிஎம்ஆர் டிஸ்க்கே வாங்குங்கள்.

மினி பிசிக்குள் 3.5 இஞ்ச் டிஸ்க் நுழையாது. தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி 3 பெட்டி வேண்டும். டிஸ்க் சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை கேட்கும், ஆகவே 2 ஆம்பியர் அடாப்டர் விளிம்பில் நிற்கும். 3 ஆம்பியர் வாங்குங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் திடீரென்று காணாமல் போனால் முதலில் அடாப்டரையும் கேபிளையும் மாற்றிப் பாருங்கள், பிறகு டிஸ்க்கைச் சந்தேகப்படலாம்.

டிஸ்க்கை யூயூஐடி (அதன் தனி அடையாள எண்) மூலம் மவுன்ட் செய்து, அதாவது ஒரு ஃபோல்டராக இணைத்து, ‘நோஃபெயில்’ ஆப்ஷனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் டிஸ்க் எழாத நாளில் சர்வரும் பூட் ஆகாமல் நிற்கும். இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. டிஸ்க் மவுன்ட் ஆகாத இரவில் பேக்கப் அந்த வெற்று ஃபோல்டரிலேயே எழுதும், அதாவது எஸ்எஸ்டிக்குள்ளேயே. இடம் நிரம்பி எல்லாம் நிற்கும்போதுதான் தெரியவரும். மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்கிரிப்ட் தொடங்கட்டும்.

20 அல்லது 30 நிமிடம் வேலையில்லை என்றால் டிஸ்க் தூங்கட்டும். யூஎஸ்பி பெட்டிகளில் டிஸ்க்கைத் தூங்கவைக்கும் ஹெச்டிபார்ம் மென்பொருள் பல சமயம் எடுபடாது, ஹெச்டி-ஐடில் எடுபடும். படங்களை டிவிக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் மென்பொருள் தன் டேட்டாபேஸையும் போஸ்டர்களையும் எஸ்எஸ்டியில் வைத்துக்கொள்ளட்டும். படங்களைத் தேடும் ஸ்கேனையும் பேக்கப்பையும் அதிகாலை 3 மணியை ஒட்டி அடுத்தடுத்து வையுங்கள். டிஸ்க் ஒரு தடவை எழுந்தால் போதும். டிஸ்க்கின் ஆரோக்கியத்தைப் பார்க்கும் ஸ்மார்ட் சோதனையைச் செய்யும் சேவையையும் தூங்கும் டிஸ்க்கை எழுப்பாதபடி அமைக்க வேண்டும். அரை மணிக்கொருமுறை எழுந்து தூங்கும் டிஸ்க், நாள் முழுக்க ஓடுவதைவிடச் சீக்கிரம் தேயக்கூடும்.

டிஸ்க்கின் அடியில் கனமான ரப்பரோ ஃபோமோ வையுங்கள். மர அலமாரிப் பலகை அதிர்வை வாங்கி வீணைக்குடம் மாதிரி பெருக்கிவிடும். மூடிய டிவி கேபினெட் வேண்டவே வேண்டாம். சென்னை மே மாதத்தில் அறையே 35 டிகிரி. டிஸ்க் அதற்கு மேல் 10 டிகிரி ஏறினால் 45ஐத் தொட்டுவிடும், அதற்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

கரண்ட் போனால்

இன்வெர்ட்டரை யூபிஎஸ் மோடில் வையுங்கள். சாதாரண மோடில் மாறும் இடைவெளியில் சர்வர் ரீஸ்டார்ட் ஆகக்கூடும். இன்வெர்ட்டர் பேட்டரி தீரப்போவது மட்டும் சர்வருக்குத் தெரியாது. எளிய வழி: இன்வெர்ட்டர் லைனில் இல்லாத ஒரு ஸ்மார்ட் பிளக்கை சர்வர் பிங் செய்துகொண்டே, அதாவது நெட்வொர்க் வழியே ‘இருக்கிறாயா’ என்று கேட்டுக்கொண்டே இருக்கட்டும். 30 நிமிடம் பதில் இல்லையென்றால் தானே ஷட்டவுன் ஆகட்டும். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. பேட்டரி தீர்வதற்குள் கரண்ட் வந்துவிட்டால், சர்வருக்குப் போகும் மின்சாரம் நடுவில் அறுபடவே இல்லை. ‘கரண்ட் வந்ததும் ஆன் ஆகு’ என்ற பயாஸ் அமைப்பு அப்போது வேலை செய்யாது. தினமும் காலை 6 மணிக்கு எழுப்பும் ஆர்டிசி (கணினியின் உள் கடிகாரம்) அலாரத்தையும் பயாஸில் போட்டு வையுங்கள்.

மென்பொருளும் டிவியும்

இயங்குதளமாக டெபியன் லினக்ஸ், அதன்மேல் ஜெல்லிஃபின், போட்டோவுக்கு இம்மிச், ஃபைல் பகிர சாம்பா. நிறுவியதும் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் பவர்டாப்பை ஓட்டி வாட் மீட்டரைப் பாருங்கள், சில வாட் இறங்கலாம்.

4கே புளூரேயின் வேகம் 128 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) வரை போகும். பல டிவிகளின் லேன் போர்ட்டோ 100 எம்பிபிஎஸ்தான். கேபிள் போட்டும் படம் திக்கினால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றிப் பாருங்கள், விசித்திரமாக இருந்தாலும் சரியாகக்கூடும். சாம்சங் டிவிகள் 2018இல் டிடிஎஸ் என்ற ஆடியோ வடிவைக் கைவிட்டன. அப்படிப்பட்ட டிவிக்கு ஆடியோவை மட்டும் மாற்றிக் கொடுப்பது சர்வருக்குச் சின்ன வேலை. தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ஃபைலில் கோளாறு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை ஒரு ஃபோல்டரில் போட்டு, ஜெல்லிஃபினின் மாற்று எழுத்துரு அமைப்பில் அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள்.

வெளியூரிலிருந்து பார்க்க டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) போதும். சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கும், அதாவது ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிரும் இணைப்பிலும் வேலை செய்யும். ரவுட்டரில் சாம்பாவின் 445 போர்ட்டைத் திறக்கவே கூடாது. 2017இல் பணம் பறிக்கும் வைரஸான வானாக்ரை பரவியது அந்தக் கதவு வழியாகத்தான்.

பேக்கப்புக்கு ரெஸ்டிக் என்ற மென்பொருள். தினசரி நகல் 7, வாராந்திரம் 4, மாதாந்திரம் 12 என்று வைத்துக்கொண்டு மீதியைக் கழிக்கச் சொல்லுங்கள். ஓடும் டேட்டாபேஸின் ஃபைல்களை அப்படியே நகலெடுத்தால் உடைந்த நகல் கிடைக்கக்கூடும். டம்ப் எடுத்து, அதாவது உள்ளடக்கத்தைத் தனி ஃபைலாக எழுதி, அதை நகலெடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறவினர் வீட்டு டிஸ்க்கை வேறொரு லேப்டாப்பில் மாட்டி, ஏதாவது பத்து போட்டோவை மீட்டுத் திறந்து பாருங்கள். ரெஸ்டிக்கின் பாஸ்வேர்டு சர்வருக்குள் மட்டும் இருந்தால் சர்வரோடு அதுவும் போய்விடும். ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் கவரில் போட்டு வையுங்கள்.