வேலூரில் புது நர்ஸ் வேலை: ஆர்டர் வாங்குவது முதல் நோயாளியோடு வரும் அட்டெண்டரைச் சமாளிப்பது வரை

ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) அல்லது பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவும் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். ஊசி போடுவது எப்படி என்பதெல்லாம் இதில் கிடையாது.

படி 1: சம்பளம்

"மாசம் 18,000" என்று எச்.ஆர். சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள். அது சி.டி.சி.யா (உங்களுக்காக நிர்வாகம் செலவிடும் மொத்தம்), கிராஸா (உங்கள் பிடித்தத்துக்கு முந்தைய சம்பளம்), கைக்கு வருவதா? புதிதாகச் சேருகிறவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

சி.டி.சி. 18,000, பேசிக் 12,000 என்று வையுங்கள். நிர்வாகம் கட்ட வேண்டிய பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பேசிக்கில் 12 சதவீதம், அதாவது 1,440. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கிராஸில் 3.25 சதவீதம், சுமார் 520. இரண்டையும் அந்த 18,000-க்குள்ளேயே அடக்கிவிட்டால் உங்கள் கிராஸ் 16,040-தான். அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் சுமார் 120. மிச்சம் 14,480. ஹாஸ்டல், மெஸ் பிடித்தம் அதற்கப்புறம். பி.எஃப். உங்கள் பணம்தான், எங்கேயும் போகாது. ஆனால் சத்துவாச்சாரி ரூம் வாடகையை அதிலிருந்து கட்ட முடியாது.

பேசிக்கில் ஃப்ரெஷருக்கு ஏற்றித் தர மாட்டார்கள். அங்கே மல்லுக்கட்டாமல் மற்றதைக் கேளுங்கள்: நைட் அலவன்ஸ் ஒரு டூட்டிக்கு எவ்வளவு, ஐ.சி.யூ.வில் போட்டால் தனியாக உண்டா, புரொபேஷன் முடிந்தால் இன்கிரிமென்ட் எந்த மாதம். "சார், இதையும் ஆர்டர்லயே போட்டுக் குடுத்துடுங்க" என்றால் போதும். வாயால் சொன்னது எச்.ஆர். மாறினால் காற்றோடு போய்விடும்.

உச்ச நீதிமன்றம் சொல்லி 2016-இல் அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸ் சம்பளம் 20,000-க்குக் குறையக் கூடாது என்றது. பரிந்துரைதான். பேச்சில் எடுத்துப் போடலாம், அதை வைத்து அதட்ட முடியாது.

ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை யார் கேட்டாலும் காட்டுங்கள், சரிபார்த்ததும் கையோடு திரும்ப வாங்குங்கள். கொடுப்பது ஜெராக்ஸ் மட்டும்.

படி 2: முதல் வாரம்

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் (0, 1, 6 மாதம்) போட்டாயிற்றா பாருங்கள். செகண்ட் முள் உள்ள, சட்டையில் குத்தும் வாட்ச் வாங்குங்கள். மணிக்கட்டில் ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொண்டு கை கழுவுவது கழுவுவதே இல்லை. ஹேண்ட்ஓவர் (அடுத்த டூட்டிக்காரரிடம் ஒப்படைக்கும் குறிப்பு) எழுத டைரியைவிட நாலாய் மடித்த ஏ4 தாள் மேல். டூட்டி முடிந்ததும் கிழித்துவிடலாம், நோயாளி விவரம் வீட்டுக்கு வராது.

படி 3: இன்சுலின்

இதை அவசரமாகப் படிக்காதீர்கள். நம் வார்டில் வரும் இன்சுலின் வயல் (மருந்துக் குப்பி) பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். இன்சுலின் பேனாவுக்கான கார்ட்ரிட்ஜ் மில்லிக்கு 100 யூனிட். ஆரஞ்சு மூடி சிரிஞ்சும் 100-க்கானது. 20 யூனிட் போட நினைத்து, கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது அரை மில்லி, 50 யூனிட். விடியற்காலையில் சுகர் சரிந்து நோயாளி வியர்த்துக் கிடப்பார். மாற்றிச் செய்தால், 40 வயலிலிருந்து ஆரஞ்சு மூடியில் 20 கோடு என்றால், போவது 8 யூனிட்தான். மூடி நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். வயல் லேபிளையும் சிரிஞ்சில் அச்சான எண்ணையும் சேர்த்துப் படித்து, பக்கத்து சிஸ்டரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

படி 4: கஷ்டமான பேஷண்ட், அதைவிடக் கஷ்டமான அட்டெண்டர்

திடீரென்று கத்துகிறவர், கேனுலாவை (கையில் செருகிய ட்ரிப்ஸ் குழாய்) பிடுங்குகிறவர் எல்லாரும் திமிர் பிடித்தவர்கள் இல்லை. முதலில் சுகர், எஸ்.பி.ஓ.2 (ரத்த ஆக்சிஜன் அளவு), வலி, சிறுநீர் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அட்மிஷனாகி இரண்டாம் மூன்றாம் நாள் இரவில் கை நடுங்கி, வியர்த்து, இல்லாத ஆளோடு பேசினால் குடியை நிறுத்தியதன் விளைவாக இருக்கலாம். டூட்டி டாக்டரை உடனே கூப்பிடுங்கள், காலை ரவுண்ட்ஸ் வரை தள்ளாதீர்கள்.

அட்டெண்டர் "இன்னா சிஸ்டர், எவ்ளோ வாட்டி கூப்புடறது?" என்று ஏறி வந்தால் "வரேன் போங்க" என்று சொல்லாதீர்கள். "ட்ரிப்ஸ் மாத்திட்டு பத்து நிமிஷத்துல வரேன்ண்ணா" என்று நேரம் சொல்லுங்கள், சொன்ன நேரத்தில் போய் நில்லுங்கள். கைவேலை முடியாவிட்டாலும் முகத்தைக் காட்டுங்கள். குடும்பத்தில் ஒருவரை மட்டும் பேசுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்; ஆறு பேருக்கு ஆறு விதமாகச் சொன்னால் மாலையில் சண்டைதான். "பிழைப்பாரா?" என்ற கேள்விக்குப் பதில் டாக்டருடையது.

நோட்ஸில் "பேஷண்ட் ஒத்துழைக்கவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். மணி, அவர் சொன்ன சொல் அப்படியே, நீங்கள் செய்தது, யாரிடம் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். கை ஓங்கினால் கதவுப் பக்கமாக நகர்ந்து செக்யூரிட்டியைக் கூப்பிடுங்கள்; இன்சார்ஜிடம் அதே டூட்டியில் எழுத்துப் புகார் கொடுங்கள். மருத்துவப் பணியாளரைத் தாக்குவதற்கு எதிராக 2008 முதல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே உண்டு.

பிறகு சேர்த்தது

மொழி பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் உருது, சித்தூர் பக்கம் தெலுங்கு, சி.எம்.சி. மருத்துவமனையைத் தேடி வரும் வங்காளிகள் என்று ஒரே வார்டில் மூன்றும் இருக்கும். "எங்கே வலி" என்பதை மட்டுமாவது கற்றுக்கொள்ளுங்கள்: இந்தி, உருதுவில் "தர்த் கஹா(ங்) ஹை", தெலுங்கில் "நொப்பி எக்கட", வங்காளத்தில் "கொத்தாய் பேத்தா". சம்மதக் கையெழுத்து வாங்க இந்த அரைகுறை போதாது, மொழி தெரிந்தவரை அழைத்துவிடுங்கள்.

சித்தூரில் படித்து ஆந்திரா கவுன்சிலில் பதிந்தவர்கள் இங்கே சேரத் தமிழ்நாடு கவுன்சில் பதிவும் வேண்டும். அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க நாளாகும், இன்டர்வியூவுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.