பெட்டியைப் பிரித்த கையோடு ரிவியூ எழுதாதீர்கள்

நான் ஹெட்போன், டிரிம்மர், பவர் பேங்க் எல்லாம் பழுது பார்க்கிறவன். மேசைக்கு ஒரு பொருள் வந்தால் அதன் மாடல் எண்ணைத் தேடி, வாங்கியவர்கள் எழுதிய ரிவியூக்களைப் படிப்பது என் வழக்கம். நிறைய, பெட்டியைப் பிரித்த கையோடு எழுதியவை. "சூப்பர், பேக்கிங் அருமை." பேக்கிங்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

முதலில் கொஞ்ச நாள் புழங்குங்கள். லித்தியம் பேட்டரி புதிதில் நன்றாகத்தான் நிற்கும். முழுதாக 300, 500 தடவை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகுதான் சாயம் வெளுக்கும். அதுவரை காத்திருக்கச் சொல்லவில்லை. ஒரு மாதத்தில் எழுதுங்கள், எவ்வளவு நாள் புழங்கினீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து அதையே திருத்தி இரண்டு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

அப்புறம், உங்களைப் பற்றியும் கொஞ்சம். "காது வலிக்கிறது" என்று மட்டும் எழுதினால் அடுத்தவருக்கு உதவாது. "நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவன், ஒரு மணி நேரம் தாண்டினால் ஃபிரேமைக் காதோடு வைத்து அழுத்துகிறது" என்று எழுதிப் பாருங்கள். கண்ணாடி போடுகிறவர் தப்பித்துக்கொள்வார், போடாதவர் கவலையில்லாமல் வாங்குவார். "சத்தம் குறைவு" என்பதும் அப்படித்தான். பேருந்திலா, படுக்கையறையிலா? போனிலா, லேப்டாப்பிலா?

டெலிவரி தாமதமானதற்குப் பொருளின் ஸ்டாரைக் குறைக்காதீர்கள். விற்பவரைத் தனியாக மதிப்பிட பல தளங்களில் இடம் உண்டு. கோபத்தை அங்கே காட்டுங்கள். எந்த மாடல், எந்த அளவு வாங்கினீர்கள் என்றும் குறிப்பிடுங்கள். சில தளங்கள் எல்லா வகைகளின் ரிவியூக்களையும் ஒரே பக்கத்தில் கொட்டிவைக்கின்றன.

ஸ்டார்களில் 5-ம் 1-ம் குவிந்து கிடக்கும், நடுவில் கூட்டமே இருக்காது. ரொம்பப் பிடித்துப்போனவரும் ரொம்பக் கடுப்பானவரும்தானே எழுத உட்காருகிறார்கள்! நான் தேடிப் போவது 3 ஸ்டார்காரர்களை. "சத்தம் நன்று, மடக்குகிற இடம் தளர்ந்துவிட்டது" என்று இரண்டையும் சொல்கிறவர்கள் அவர்கள்தான். விரிசல் விட்ட இடத்தைக் கிட்டத்தில் படமெடுத்துப் போட்டால் பாதி வேலை முடிந்தது. படத்தில் உங்கள் முகவரி ஒட்டிய பில் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொருள் இலவசமாக வந்ததென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். "5 ஸ்டார் போட்டால் பணம் திருப்பித் தருகிறோம்" என்று பெட்டிக்குள் துண்டுச்சீட்டு இருந்தால், பணத்துக்கு ஆசைப்படாமல் சீட்டைப் படமெடுத்துத் தளத்துக்குப் புகார் அனுப்புங்கள்.