நிலவாகை: காய வைப்பது எப்படி, எவ்வளவு சாப்பிடலாம்

மலச்சிக்கலுக்கு நிலவாகை என்பது ராமநாதபுரம் சீமையில் பாதிப் பேருக்குத் தெரிந்த விஷயம்தான். தெரியாதது அளவு. ஒரு பிடி இலையைக் கொதிக்க வைத்துக் குடித்துவிட்டு விடியவிடிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு பக்கம், உடம்பு இளைக்கும் என்று பாக்கெட் டீ வாங்கித் தினமும் குடிப்பவர்கள் இன்னொரு பக்கம். அந்த டீ பாக்கெட்டுகளில் பலவற்றின் பின்னால் பொடி எழுத்தில் சென்னா என்று போட்டிருக்கும், அது இதேதான். இரண்டு நாளில் எடை குறைந்த மாதிரி தெரிந்தால் போனது தண்ணீரும் மலமும்தான், கொழுப்பு ஒரு துளி கரையாது.

முதலில் செடியைச் சரியாகப் பிடியுங்கள். ஆவாரையும் நிலவாகையும் ஒரே குடும்பத்துச் செடிகள், இரண்டுக்கும் மஞ்சள் பூ, ரோட்டோரம் நிற்பது பெரும்பாலும் ஆவாரைதான். ஆவாரையில் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது மடல் போல அகலமாக ஒரு பச்சைச் செதில் இருக்கும், சிற்றிலையின் நுனியும் மழுங்கலாக இருக்கும். நிலவாகைக்கு அந்தக் காது கிடையாது. சிற்றிலை ஈட்டி மாதிரி நீண்டு கூராக முடியும், ஒரு காம்பில் 5 முதல் 8 ஜோடி, லேசாகச் சாம்பல் பூத்த பச்சை. காய் தட்டையாக, காகிதம் மாதிரி இருக்கும், உள்ளே இருக்கும் விதை வெளியே புடைத்துத் தெரியும். இன்னும் சந்தேகம் என்றால் நாட்டு மருந்துக்கடையில் வாங்கிவிடுங்கள், கீழக்கரைப் பக்கம் சனா மக்கி என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஆயுர்வேதக் கடையில் சோனாமுகி அல்லது சுவர்ணபத்ரி.

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தால் வளர்ப்பது கஷ்டமே இல்லை. மணல் கலந்த மண் போதும், வெயில் வேண்டும், தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது, கண்மாய்க்கரைப் பள்ளத்தில் போட்டால் வேர் அழுகிப் போய்விடும். விதையின் தோல் கெட்டி என்பதால் பருமணலோடு சேர்த்துக் கொஞ்சம் தேய்த்துவிட்டு, புரட்டாசி ஐப்பசி மழைக்கு முன்னால் 45 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றுங்கள். ஊன்றிய 2 மாதம் போல முதல் பறிப்பு. இலை நல்ல தடிமனாக முற்றியிருக்க வேண்டும், பூ நிறைய வருகிறது என்றால் கிள்ளிவிடுங்கள், பூவும் காயும் வைக்க ஆரம்பித்தால் செடி இலையைக் கவனிக்காது.

அடுத்தது காய வைப்பது, இதில்தான் கடற்கரைக்காரர்களுக்குத் தொல்லை. பச்சை இலையை அப்படியே அரைத்துக் குடிக்க வேண்டாம், வயிற்றை மிகவும் முறுக்கும், மருந்துச் சத்தான சென்னோசைடு இலை மெதுவாகக் காயும்போதுதான் நன்றாகக் கூடுகிறது. மொட்டை மாடி வெயிலில் பரப்பினால் ஒரே நாளில் சருகாகிவிடும், நிறமும் வெளுத்துப் பழுப்பாகும், அதை வியாபாரியே எடுக்க மாட்டார். நிழலில், காற்றோட்டமாக, ஒன்றின் மேல் ஒன்று குவியாமல் பழைய வேட்டியில் பரப்பி, தினம் ஒருமுறை புரட்டிவிட்டால் 7 முதல் 10 நாளில் காய்ந்துவிடும். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம் மாதிரி கடலை ஒட்டிய ஊர்களில் பகலில் மொறுமொறு என்று இருக்கும் இலை ராத்திரி உப்புக்காற்றில் மறுபடி நமத்துப்போகும். சாயங்காலம் ஆனதும் வேட்டியோடு சுருட்டி வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள், காலையில் விரியுங்கள். ஒரு இலையை மடித்தால் வளையாமல் பட்டென்று ஒடிய வேண்டும், நிறம் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்க வேண்டும், அதுதான் பதம். உடனே காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள். பூஞ்சை வாடை வந்தால் யோசிக்காமல் குப்பையில் கொட்டுங்கள், மறுபடி வெயிலில் காட்டி ஏமாற்ற வேண்டாம்.

சரி, அளவு. பெரியவர்களுக்குக் காய்ந்த இலைப்பொடி ஒரு வேளைக்கு அரை முதல் 2 கிராம், அவ்வளவுதான். தலை தட்டிய அரை டீஸ்பூன் சுமார் 1 கிராம் வரும். முதல் முறை என்றால் கால் டீஸ்பூனில் ஆரம்பித்துப் பாருங்கள், ஆளுக்கு ஆள் குடல் வேறுபடும். ராத்திரி படுக்கப் போகும்போது வெந்நீரில் கலந்து குடித்தால் போதும், 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் வேலை செய்யும். பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியா உடைத்த பிறகுதான் மருந்து உசுப்பேறும் என்பதால் இந்தத் தாமதம். ஒரு மணி நேரத்தில் ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு டம்ளர் குடிப்பவர்கள்தான் மறுநாள் வேலைக்குப் போக முடியாமல் கிடப்பது.

வயிறு முறுக்குகிறது என்றால் இலையைக் கொதிக்க வைக்காமல் காலையில் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு ராத்திரி வடிகட்டிக் குடியுங்கள், முறுக்கல் குறையும். அல்லது 4 காயை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைக்கலாம், இலையைவிடக் காய் சாது. பொடியோடு கொஞ்சம் சுக்கும் சோம்பும் சேர்ப்பதும் இதற்காகத்தான். ஆயுர்வேதத்தில் பஞ்சசகார சூரணம் என்று ஒன்று உண்டு, சுக்கு, சோம்பு, கடுக்காய், இந்துப்பு, அதோடு நிலவாகை. வீட்டில் இடித்துச் சலிக்கப் பொறுமை இல்லையென்றால் அதை வாங்கிக்கொள்ளலாம், என்னைக் கேட்டால் முதல் தடவைக்கு அதுவே நல்லது.

ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து வேண்டாம். நாள் கணக்கில் பேதியானால் உடம்பில் பொட்டாசியம் இறங்கும், குடலும் மருந்து இல்லாமல் நகர மாட்டேன் என்று சோம்பிப் போகலாம். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் தொடவே வேண்டாம். காரணம் தெரியாத வயிற்று வலி, வாந்தி, குடல் புண், குடல் அடைப்பு இருந்தாலும் அப்படியே. இதயத்துக்கு டிஜாக்சின் சாப்பிடுபவர்கள், நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது, பொட்டாசியம் குறைந்தால் அவர்களுக்குத்தான் ஆபத்து. நம் பக்கத்துப் பெரியவர்களில் பலர் பிரஷர் மாத்திரையோடு நீர் மாத்திரையும் சாப்பிடுகிறார்கள், சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

அப்புறம், சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ போனால் பயப்பட வேண்டாம், இலையின் சாயம்தான், நிறுத்தியதும் சரியாகிவிடும். மலத்தில் ரத்தம் தெரிந்தால் மட்டும் அது இலையின் வேலை என்று விட்டுவிடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள்.